பட்டத்தில் ஒரு ஜூலை

ஏப்ரல் 14

இது வக்கீல்மார் எழுதும் டைரி. என் பேத்தி மதிவதனி பயிற்சிக்குப் போன வக்கீல் ஆபீசில் இரண்டு கொடுத்தார்களாம். ஒன்றை எனக்குத் தந்துவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், அடுத்த வாய்தா என்று கட்டம் போட்டிருக்கிறது. எனக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் கட்டத்தைச் சும்மா விட மனசு வரவில்லை. கட்சிக்காரர் என்ற இடத்தில் உலகம்மாள் என்று எழுதினேன். அடுத்த வாய்தா என்ற இடத்தில் ஏப்ரல் 17 என்று போட்டேன். அன்றுதான் வதனிக்குக் கடைசிப் பருவத்தின் முதல் பரீட்சை.

நான் படித்தது ஐந்து வருஷம். அவள் சட்டம் படிப்பதும் ஐந்து வருஷம். கணக்கு சரியாகப் போயிற்று என்று நான் சொன்னால் சிரிப்பாள். அப்பா அம்மா புளியங்குடியில் எலுமிச்சை மண்டியோடு இருக்க, அவள் பாளையங்கோட்டையில் என்னோடு இருந்துதான் படித்தாள். ஒன்பது பருவம் முடிந்துவிட்டது. ஒன்பதிலும் அவளுக்கு மேலே யாரும் இல்லை. இந்தப் பத்தாவதையும் தாண்டிவிட்டால் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம். இதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சொல்லாதவர் யாராவது இருந்தால் நாளை சொல்வேன்.

ஐந்து பரீட்சை. ஐந்து நாளும் அவள் எழுதி முடிக்கும் ஒரு மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான் என்று கோமதியம்மனிடம் சொல்லியிருக்கிறேன். வதனியிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டம் பேசுவாள்.

ஏப்ரல் 17

முதல் பரீட்சை. எனக்கு வைத்த நான்கு இட்லியை மொட்டைமாடியில் வைத்தேன். காக்கைகள் வந்தன. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டேன். அது மருந்து, சாப்பாட்டில் சேராது. நன்றாக எழுதினாளாம்.

ஏப்ரல் 20

இரண்டாவது. காக்கைகள் இன்று எனக்கு முன்பே மாடியில் வந்து உட்கார்ந்திருந்தன.

பக்கத்து வீட்டு ஞானதிரவியம் சார் பத்திரப்பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு தபாலில் தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ வாங்கினார். அதைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும். இன்று குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"விடைத்தாள்ல பேரே இருக்காது யக்கா. மூலையைக் கிழிச்சு எடுத்துட்டு ஒரு பொய் நம்பர் போடுவாங்க. திருத்துறவனுக்கு உங்க பேத்தியும் ஒண்ணுதான், ஊர்ல உள்ளவனும் ஒண்ணுதான்."

"அப்போ அது நம்ம வதனி எழுதினதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே கிழிக்கான்."

அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை அழகான கையெழுத்தைப் பேர் தெரியாமல் படிப்பதா.

அவரே விரல் விட்டுச் சொன்னார். ஐம்பதுக்கு மேல் இரண்டாம் வகுப்பு, அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு, எழுபத்தைந்துக்கு மேல் தனிச்சிறப்பு. எல்லாருக்கும் மேலே நிற்பவளுக்குப் பதக்கம். "உங்க டிப்ளமோவுக்கு?" என்று கேட்டேன். "டிப்ளமோவுக்கு ரேங்கெல்லாம் கிடையாது, வெறும் தேர்ச்சிதான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். பதக்கத்துக்கு.

ஏப்ரல் 23

நாளைக்கு உள்ள பாடம்தான் ஐந்திலும் கஷ்டமாம். வரி பற்றியதாம். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தேன், அம்மிக்கல் கனம். கஷ்டமான பாடத்துக்குச் சாதாரண விரதம் போதாது என்று பட்டது. அதனால் இன்று மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. ராத்திரி தோசையைச் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டேன். ராத்திரி மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 24

இன்று ஒரு கனவு.

வாசலில் வதனிக்குத் திருநீறு பூசிவிட்டது வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அவள் குனிந்திருந்தாள், சீயக்காய் வாசம். அதன் பிறகு தரை தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரு படகில் படுத்திருக்கிறேன். படகு உறுமுகிறது, பெட்ரோல் வாசம் அடிக்கிறது. கரை முழுக்க வெள்ளை. அதில் கறுப்பாக, வரிசை வரிசையாகக் காக்கைகள். ஒன்றும் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நடுவிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் ஆஜர் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், வாய் முழுக்க இனிப்பு.

கண் விழித்தபோது தெருமுனை டாக்டர் வீட்டுக் கட்டில். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் ஞானதிரவியம் சாருடைய மனைவி எஸ்தர். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். இன்னொரு பக்கம் வதனி.

"ஒண்ணுமில்ல ஆச்சி. லேசா மயக்கம். எஸ்தர் ஆன்ட்டிதான் ஆட்டோவுல கொண்டு வந்தாவ."

"பரீட்சை?"

"எழுதிட்டுத்தான் வாரேன். நல்லா எழுதியிருக்கேன்."

எஸ்தர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோவில் வீட்டு வாசலில் இறங்கும்போது பின்தெருப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. அது தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு அடிப்பது. பரீட்சை முடிவது ஒரு மணிக்கு. இன்று பியூன் நேரம் தெரியாமல் அடித்துவிட்டான் போல.

ஏப்ரல் 27

நான்காவது பரீட்சை. போவதற்கு முன்னால் வதனி ஒரு தட்டில் இட்லியை வைத்து என் எதிரே நின்றாள்.

"நீ கிளம்புட்டி, நேரமாகுது. நான் பொறவு சாப்பிடுதேன்."

"நீ சாப்பிட்டாத்தான் நான் போவேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சாப்பிட்டேன். கோமதியம்மா, இது என் வாய் தின்றது, மனசு தின்னவில்லை.

ஏப்ரல் 30

ஐந்தாவது. மூன்று இட்லி. மாடியில் காக்கைகள் சத்தம் போட்டன. நான் மேலே போகவில்லை.

மே 9

வெயில் தலைக்குள் இறங்குகிறது. மத்தியானம் படுத்தால் அந்த வெள்ளைக் கரை வருகிறது. இன்று அங்கே ஒரு பெரிய தாம்பாளத்தில் தங்கப் பதக்கம் இருந்தது. எடுக்கப் போனால் அது சுடச்சுட இட்லி.

மே 21

மகள் புளியங்குடியிலிருந்து போன் பண்ணினாள். "யம்மா, நேரத்துக்குச் சாப்பிடு" என்று மூன்று தடவை சொன்னாள். இதுவரைக்கும் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ. ஊறுகாய் போட நூறு எலுமிச்சை அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 12

ரிசல்ட் வந்துவிட்டது. வதனி போனைப் பார்த்து வாசித்தாள். நான் விரலை மடக்கினேன். எண்பத்தொன்று. எழுபத்தொன்பது. எண்பத்து நான்கு. எண்பது. சுண்டுவிரலை நீட்டியபடியே காத்திருந்தேன்.

"அஞ்சாவது?"

"நெட் போயிட்டு ஆச்சி."

ஐந்தாவதுக்கு நெட் இல்லை.

ஜூன் 14

இரண்டு நாளாக நெட் வரவில்லை. ஆனால் அவள் போனில் மற்றதெல்லாம் வருகிறது.

ஞானதிரவியம் சார் வீட்டுக்குப் போனேன். "என்ன ரேங்க் யக்கா?" என்று கேட்டார். வரும் என்றேன். பிறகு, யாருக்கோ கேட்பது போல, ஒரு பாடம் எழுதப் போகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் பல்கலைக்கழகத்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலை வரியின் மேல் வைத்தார்.

"பதக்கம், ரேங்க், தனிச்சிறப்பு, இது மூணும் எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினவங்களுக்குத்தான்."

"எழுதவே போகலன்னா, அது எப்படி முதல் தடவை ஆகும்? இனிமே எழுதுறதுதானே முதல் தடவை?"

"இல்ல யக்கா. வராததும் ஒரு தடவைதான். வந்து தோத்தவனுக்கும் வராதவனுக்கும் ஒரே கணக்கு."

"பத்துப் பருவத்துல ஒரு நாளு. அதுக்கா?"

அவர் புத்தகத்தை மூடினார். உள்ளேயிருந்து எஸ்தர், "ஏங்க, உங்களுக்கு வாய வச்சுட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஏப்ரல் 24-ஐத் திருப்பிப் படித்தேன். பியூனைப் பற்றி எழுதியிருக்கிறேன். பாவம், அவன் சரியான நேரத்துக்குத்தான் அடித்திருப்பான்.

ஜூன் 15

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் குலுக்கி வெயிலில் வைத்தேன்.

ஜூன் 19

அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துப் பரீட்சைப் பிரிவுக்குப் போனேன். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு வதனியின் மேசைக்குள் இருந்தது, அதைக் கையோடு எடுத்துக்கொண்டேன். அதில் ஏப்ரல் 24 என்றும் காலை ஒன்பது பத்து என்றும் இருந்தது. இங்கிலீஷானாலும் எண் எண்தானே.

நீள நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் விடைத்தாள் கட்டுகள், சணல் கயிற்றில் கட்டி. பெயர் இல்லாத தாள்கள். காற்றாடி சுற்றும்போது ஓரங்கள் மெல்ல எழுந்து படிந்தன, தூங்குகிற பிள்ளைகளின் வயிறு மாதிரி. இத்தனை ஆயிரத்தில் எங்கள் வீட்டுத் தாள் ஒன்று இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னாள். சீட்டைப் படித்தாள்.

"இது உங்க பேருக்கு உள்ள சீட்டு பாட்டி."

"ஆமா தாயி. தப்பு என்னோடது. அவளோடது இல்ல. அதை எழுதிக்கிட்டுப் பதக்கத்தைக் குடுத்துருங்க."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. கணினியில் தேடினாள், பிறகு எழுந்து போய் ஒரு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள்.

"உங்க பேத்தி மே மாசமே வந்து ஒரு விண்ணப்பம் குடுத்திருக்கு. மேலிடம் வரைக்கும் போயிட்டு வந்துட்டு. விதியில இடமில்லன்னு எழுதிட்டாங்க. ஆனா ஒரு பாடம் மட்டும் பாக்கி உள்ளவங்களுக்கு ஜூலை பதினெட்டாம் தேதி உடனடித் தேர்வு இருக்கு. பணம் கட்டியிருக்கு. ஒரு வருஷம் போகாது."

நான் அந்தத் தாளை வாங்கினேன். வதனியின் கையெழுத்து. தமிழில்தான் எழுதியிருந்தாள். காரணம் என்ற இடத்தில், உடல்நலக் குறைவு என்று மட்டும் இருந்தது. யாருடைய உடல் என்று எழுதவில்லை.

பொய்யும் இல்லை, என்னையும் சொல்லவில்லை. இவள் வக்கீல்தான். இதற்கு ஒரு பரீட்சை வேறு வைக்கிறார்களா.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. வீட்டில், "கோயில்ல கூட்டமா ஆச்சி?" என்று கேட்டாள். "நீளமான வரிசை" என்றேன்.

ஜூலை 3

வதனி காலையும் மாலையும் படிக்கிறாள். மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வாம். அந்த அம்மிக்கல் புத்தகம்தான் மடியில் இருக்கிறது. மேல்படிப்பிலும் வரிதான் போல என்று நான் கேட்டேன். ஆமா ஆச்சி என்றாள். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

ஜூலை 11

எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, அன்னைக்கு டாக்டர் கேட்டாரே, முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டியன்னு. ரெண்டு தோசைன்னு சொன்னிய."

"ஆமா."

"முப்பத்தாறு வருஷம் நர்சா இருந்திருக்கேன் யக்கா."

"ஊறுகாய்ல உப்பு சரியா இருக்கா?" என்றேன்.

"கொஞ்சம் கூட" என்றாள்.

ஜூலை 18

அடுத்த வாய்தா என்ற கட்டத்தில் இன்றைய தேதியை ஒரு மாதமாகவே எழுதிவைத்திருந்தேன். வதனி காலையில் கிளம்பினாள், யாரையோ பார்க்கப் போவதாக. நான் அவளுக்கு முன்னாலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டேன். ஐந்தாவது தொண்டைக்குள் இறங்கவில்லை, தண்ணீர் குடித்து இறக்கினேன். பிறகு மாத்திரை. கோமதியம்மாவிடம் இந்தத் தடவை சொன்னது வேறு: தாயே, அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் எழுந்து நடமாட வேண்டும், அவ்வளவுதான்.

வதனி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "என்ன ஆச்சி இன்னைக்கு இப்படிச் சாப்பிடுத?"

"பசிக்கிட்டி."

திருநீறு பூசும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பூசினேன். ஒரு மணி வரைக்கும் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சாப்பாட்டு மணி சரியாக அடித்தது.

ஆகஸ்ட் 22

நெட் வந்துவிட்டது. எழுபத்தெட்டு. சுண்டுவிரலை மடக்கினேன். மொத்தம் எண்பதுக்கும் மேலே. ஆனாலும் முதல் வகுப்பு மட்டும்தான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். முதல் வகுப்பா, என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். நடிப்பு இல்லை. ஐந்து வருஷத்தில் அவளுக்கு எப்போது நான் இப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எப்போதும் அடுத்த பருவத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6

இன்றைய கனவில் நான் ஐந்தாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். என் முறை வரும்போது வதனி எழுந்து ஆஜர் என்கிறாள்.

அக்டோபர் 2

பட்டமளிப்பு விழா 19-ஆம் தேதியாம். நேற்றுக் கடிதம் வந்தது. நேரில் வாங்கலாம், இல்லை தபாலில் அனுப்பச் சொல்லலாம். வதனி தபால் என்ற கட்டத்தில் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"பதக்கம் வாங்கறவங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுவாங்க ஆச்சி. மத்தவங்க கூட்டமா எழுந்து நின்னுட்டு உக்காரணும். அதுக்கு எதுக்கு ரெண்டு பஸ்?"

ரெண்டு பஸ் என்றாள். இங்கிருந்து அங்கே இரண்டு பஸ் என்று எனக்கும் தெரியும். நான் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தோசையிலிருந்து ஆரம்பித்தேன். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை.

அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். பிறகு, "தெரியும் ஆச்சி" என்றாள்.

"டாக்டர் சொன்னாரா?"

"காக்கா சொல்லிச்சு. பரீட்சை முடிஞ்ச பொறவு மாடிக்குத் துணி காயப்போடப் போனா, எல்லாம் என்னைச் சுத்தி வந்து நிக்கி. நம்ம வீட்டுல எப்பவும் காக்காவுக்குச் சோறுதானே வைப்போம்? அங்க மூலையில காஞ்சுபோன இட்லி கெடந்துது."

"அப்பவே ஏன்ட்டி கேக்கல?"

"கேட்டா நீ அழுவே."

"இப்போ மட்டும்?"

"இப்போ நானும் அழுதுக்கிடலாம்லா."

அப்படியே ஆயிற்று. முடிந்த பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள், "ஆச்சி, பதக்கம் பதக்கம்னு தெரு பூரா சொன்னியே. இனி என்ன சொல்லுவே?"

"நான் பார்த்துக்கிடுதேன்."

தபால் என்ற குறியை அடித்துவிட்டு நேரில் என்பதில் போட்டாள்.

அக்டோபர் 3

ஞானதிரவியம் சார் வாசலில் நின்றார். நானே போய்ச் சொன்னேன். "பதக்கம் இல்ல சார். அவ பரீட்சைக்குப் போகல. நான் மயங்கிக் கெடந்தேன், என்னைத் தூக்கிட்டுப் போனா." எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் தன் டிப்ளமோவைத் திரும்பிப் பார்த்தார். "யக்கா, அதுல ஒரு பாடம் நான் மூணு தடவை எழுதினது. எஸ்தருக்குக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் உள்ளேயிருந்து எஸ்தர்.

அக்டோபர் 19

போய்விட்டு வந்தோம். கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

பெரிய மண்டபம். சுவர், தரை, மேல்கூரை எல்லாம் வெள்ளை. பெற்றவர்களுக்குப் பின்னால் இடம். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். முதலில் பதக்கக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சட்டப் பதக்கத்துக்கு ஒரு பெண் போனாள், ஒல்லியாக, கண்ணாடி போட்டு. அவளுடைய ஆச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ என்று தேடினேன். நேரத்துக்குச் சாப்பிடுகிற ஆச்சியாக இருப்பாள். நன்றாக இருக்கட்டும்.

பிறகு மேடையில் ஒருவர் சட்டப் பட்டம் பெறுவோர் எழுந்து நிற்கலாம் என்றார். முன்வரிசைகளில் கறுப்பு அங்கிகள் எழுந்தன. நூறு, நூற்றைம்பது. ஒரு சத்தம் இல்லை. வெள்ளையில் கறுப்பாக, வரிசை வரிசையாக. இதை நான் பார்த்திருக்கிறேன். என் இட்லியைத் தின்ற காக்கைகளெல்லாம் அங்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்கின்றன என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்து, "என்னம்மா, தலை சுத்துதா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்போது ஒன்று மட்டும் திரும்பிப் பின்னால் பார்த்தது. வதனி. கையை வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிட்டாயா என்று சாடை கேட்டாள். மேடையில் அவர்களுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் என்னிடம் இட்லி கேட்கிறாள். சாப்பிட்டேன் என்று நான்கு விரலைக் காட்டினேன். அதன் பிறகுதான் முன்னால் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து பட்டத்தை மேசையில் விரித்தோம். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ். தமிழை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், யாரையும் படிக்க விடவில்லை. மதிவதனி. சட்டம். முதல் வகுப்பு. முதல் தடவை, இரண்டாவது தடவை என்றெல்லாம் அதில் ஒன்றும் இல்லை. விதிப் புத்தகத்துக்குத்தான் அந்த ஞாபகமெல்லாம்.

கீழே, தேர்ச்சி பெற்ற மாதம் என்று ஒரு வரி இருந்தது. அவளோடு படித்தவர்களுக்கெல்லாம் ஏப்ரல் என்றிருக்கும். இவளுக்கு ஜூலை.

"அந்த வரியைப் பார்க்காத ஆச்சி" என்றாள்.

ஏன் பார்க்கக் கூடாது? அந்தத் தாளில் அவள் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பெரியவர்கள் போட்ட கையெழுத்து இருக்கிறது. ஐந்து வருஷம் அவளுக்கு இட்லி அவித்தவளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, இந்த ஒன்றைத் தவிர. ஏப்ரல் என்று இருந்திருந்தால் நான் அதில் எங்கே இருக்கிறேன்? ஜூலை என்று அச்சடித்திருக்கிறதே, அது நான்தான்.

மருமகன் வாங்கி வந்த கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பதக்கத்துக்கு அடித்த ஆணியில் அதை மாட்டினோம். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நாளைக் காலையில் சாப்பிட்டுவிட்டு நிமிர்த்த வேண்டும்.

அடுத்த வாய்தா என்ற கட்டத்தை இன்று காலியாக விட்டிருக்கிறேன்.